விசிஐ என்ற வீடியோ நிறுவனத்தைச் சாய்த்தது இணையமா, கடை அலமாரியா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

பழைய டிவிடிகளின் முதுகில் ‘2 என்டர்டெயின்’ என்ற முத்திரையைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் ஹூ, டாப் கியர், பிளானட் எர்த் என பிபிசி தொலைக்காட்சித் தொடர்கள் எல்லாவற்றிலும் இருந்தது. பிறகு சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. நெட்ஃபிளிக்ஸ் வந்ததும் படுத்துவிட்ட நிறுவனங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். சரிதானே?

6 ஜனவரி 2024, இரவு 10.40

சரியில்லை. நெட்ஃபிளிக்ஸ் பிரித்தானியாவில் கடை விரித்தது 2012 ஜனவரியில். நீங்கள் சொல்லும் நிறுவனத்தின் இடுப்பு அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2008 நவம்பரில், ஒடிந்துவிட்டது. ஒடித்தது வூல்வேர்த்ஸ். மிட்டாயும் பிளாஸ்டிக் வாளியும் பள்ளிச் சீருடையும் விற்ற அதே வூல்வேர்த்ஸ்தான்.

2 என்டர்டெயின், பிபிசியின் வர்த்தகக் கிளையான பிபிசி வேர்ல்ட்வைடின் வீடியோப் பிரிவும் விசிஐ என்ற நிறுவனமும் 2004இல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. 60 சதவீதம் வூல்வேர்த்ஸ் குழுமத்தின் கையிலும் 40 சதவீதம் பிபிசியின் கையிலும் இருந்தன. விசிஐ என்பது வீடியோ கலெக்‌ஷன் இன்டர்நேஷனல். 1985இல் வூல்வேர்த்ஸ் தொடங்கிய நிறுவனம். கடை பிறப்பித்தது, கடையோடு போனது.

7 ஜனவரி, காலை 8.15

நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு பிழைகள். பங்கு விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிட்டேன்: பிபிசிக்கு 60, வூல்வேர்த்ஸுக்கு 40. இரண்டாவது, விசிஐயை வூல்வேர்த்ஸ் தொடங்கவில்லை. ‘தி வீடியோ கலெக்‌ஷன்’ என்ற பெயரில் அது தனியாகத் தொடங்கிய நிறுவனம். வூல்வேர்த்ஸ் அதற்கு முதல் அலமாரியைக் கொடுத்தது, அவ்வளவுதான். வூல்வேர்த்ஸின் உரிமையாளரான கிங்ஃபிஷர் நிறுவனம் விசிஐயை விலைக்கு வாங்கியது 1998இல். ஆகவே ‘கடை பிறப்பித்தது’ என்ற வரியை அடித்துவிடுங்கள். ‘கடை தத்தெடுத்தது’ என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதான பிறகு.

7 ஜனவரி, மாலை 6.30

1985இல் நடந்தது என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய விலைகள் தெரிந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் பல வீடுகள் வீடியோ இயந்திரத்தையே விலைக்கு வாங்கவில்லை. ரேடியோ ரென்டல்ஸ், கிரனாடா போன்ற நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு எடுத்து வைத்திருந்தன. படம் பதிந்த நாடா அதைவிடக் கைக்கு எட்டாத பொருளாக இருந்தது. பிபிசி 1983இல் வெளியிட்ட முதல் டாக்டர் ஹூ நாடாவின் விலை ஏறத்தாழ 40 பவுண். அந்த விலையை வாடகைக் கடைக்காரர் கொடுப்பார். ஐம்பது அறுபது இரவுகள் வாடகைக்கு விட்டுப் போட்ட முதலை எடுத்துக்கொள்வார். வீட்டில் ஒரு படத்தைச் சொந்தமாக வைத்திருப்பது என்ற எண்ணமே சாதாரணக் குடும்பத்துக்குக் கிடையாது.

அந்த நேரத்தில்தான் தி வீடியோ கலெக்‌ஷன் 6.99 பவுணுக்கு நாடாவை வூல்வேர்த்ஸில் கொண்டுவந்து அடுக்கியது. இப்படி நேரடியாக விற்பதற்குத் தொழிலில் ‘செல்-த்ரூ’ என்று பெயர். நாடா மலிந்துவிட்டதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பங்குதான். பெரிய காரணம் அவர்கள் எதைப் பதிந்தார்கள் என்பது. புதுப் படம் என்றால் திரையரங்கு முடிய வேண்டும், வாடகைக் காலம் முடிய வேண்டும், உரிமைத் தொகையும் ஏறும். அவர்களோ ஏற்கெனவே தொலைக்காட்சியில் ஓடி, செலவை எடுத்து முடித்துக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த சிறுவர் தொடர்களையும் நகைச்சுவைகளையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடாவில் கிடைக்கும் லாபம் சில்லறைதான். ஆனால் லட்சக்கணக்கில் விற்றால் சில்லறையும் மூட்டையாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் காலத்தில் கடையில் நாம் வாங்கிய வெற்று நாடா பெரும்பாலும் மூன்று மணி நேரம் ஓடும். பதிவுத் தொழிற்சாலையில் அப்படி வைக்க மாட்டார்கள். நாடா பெரிய உருளையாக வரும். நிகழ்ச்சி 35 நிமிடம் என்றால் அதற்கு மேல் ஓரிரு நிமிட அளவு விட்டு வெட்டிச் சுற்றிவிடுவார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தால் சிறுவர் நாடாக்களின் உருளை மெலிந்து, பட்டினி கிடந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். மிச்சம் பிடித்த ஒவ்வொரு மீற்றரும் அந்த 6.99க்குள் அடங்கியிருந்தது.

8 ஜனவரி, மதியம் 1.05

‘மெலிந்த உருளை’ பற்றி எழுதியதும் ஹாரோவில் இருந்து ஓர் அக்கா சிரித்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் நடந்தது, அக்கா.

1991இல் பெரியண்ணாவின் கல்யாணம் கொழும்பில் நடந்தது. எங்களுக்கு விசா சிக்கல், போக முடியவில்லை. கல்யாண வீடியோ ஒரே ஒரு பிரதியாக லண்டனுக்கு வந்து வீடு வீடாகச் சுற்றியது. நமக்கென்று ஒன்று வேண்டும் என்று அம்மா பக்கத்து வீட்டு இயந்திரத்தையும் இரவல் வாங்கி, இரண்டையும் வயரால் இணைத்து, தம்பி பார்த்துச் சலித்துப்போன ஒரு சிறுவர் நாடாவை எடுத்தார். பதியக் கூடாது என்பதற்காக ஓரத்துத் தகட்டை உடைத்தே விற்பார்கள் அல்லவா, அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டினால் இயந்திரம் ஏமாந்து பதியும். பதிந்தது. மாப்பிள்ளை அழைப்பு, தோழன் தலைப்பாகை சரிசெய்வது, பொன்னுருக்கின நகையைக் காட்டுவது, ஐயர் மந்திரம், கூறைச் சேலையோடு அண்ணி வந்து உட்காருவது. தாலியை எடுத்துச் சபைக்குக் காட்டிய இடத்தில் நாடா முடிந்துவிட்டது. இரவல் பிரதி மறுநாளே ஸ்லா என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நாடாவைப் பொறுத்தவரை அண்ணா இன்றுவரை பிரம்மச்சாரி.

10 ஜனவரி, இரவு 9.20

விசிஐயைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று ஒரு தம்பி சந்தேகத்தோடு கேட்கிறார். 1994 முதல் இரண்டு ஆண்டுகள், படிக்கும் காலத்தில், வெளிலண்டனில் ஒரு கடையின் வீடியோப் பகுதியில் வார இறுதிகளில் வேலை செய்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை.

அப்போது பிரித்தானியாவில் புது வெளியீடுகள் திங்கட்கிழமை வரும். ஆகவே ஞாயிறு மாலை கடை மூடிய பிறகு பெட்டிகளைப் பிரித்து அடுக்க வேண்டும். பெட்டியில் விநியோகச் சீட்டு, நாடாவின் முதுகில் ‘விசி’ என்று தொடங்கும் நான்கு இலக்க எண், பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் வாட்ஃபோர்ட், காக்ஸ்டன் வே என்ற விசிஐயின் முகவரி. அந்த முகவரியை எத்தனை முறை வாசித்திருப்பேனோ தெரியாது. பின்னாளில் வேறு வேலையாக வாட்ஃபோர்ட் போனபோது அந்தத் தெருப்பலகையைக் கண்டு, பழைய வகுப்பாசிரியரைச் சந்தையில் கண்டது போல ஒரு கணம் நின்றேன்.

சிறுவர் நாடாக்கள் எங்கள் முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. வாங்குபவர் தாய், ஆனால் தெரிவு செய்பவர் மூன்று வயது. அவர் கண்ணுக்கு நேரே தாமஸ் என்ற நீல ரயிலின் சிரித்த முகம் இருக்க வேண்டும். தாமஸ் தொலைக்காட்சித் தொடர் 1984இல் தொடங்கியது. தொண்ணூறுகளில் அதன் நாடாக்களை வெளியிட்டது விசிஐ. ஒரு நாடாவுக்கு ஒரு கதையின் பெயரை வைத்து ‘இன்ன கதையும் பிற கதைகளும்’ என்று வரிசையாக விடுவார்கள். எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் மிட்டாய் இருக்கும். ஞாயிறு மாலை ஈரத்துணியால் தாமஸின் முகத்தைத் துடைப்பது என் முதல் வேலை. பிளாஸ்டிக் உறை என்பதால் தப்பித்தோம். அட்டை உறையாக இருந்திருந்தால் பாதி நாடாக்களைத் தூக்கி எறிய வேண்டியிருந்திருக்கும்.

அங்கே நான் கற்ற பெரிய பாடம், கடையில் கிடக்கும் நாடா கடைக்காரருடையது அல்ல என்பது. விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்பது ஒப்பந்தம். நத்தார் முடிந்து ஜனவரியில் நாங்கள் கட்டித் திருப்பி அனுப்பிய பெட்டிகள் சில வாரங்களில் வந்த பெட்டிகளைவிட அதிகமாக இருந்தன. ஒரு வெளியீட்டாளர் ‘இவ்வளவு லட்சம் நாடா அனுப்பினோம்’ என்று சொல்வதற்கும் ‘இவ்வளவு விற்றோம்’ என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு ஜனவரி மாதம் இருக்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள்; 2008க்கு வரும்போது தேவைப்படும்.

13 ஜனவரி, மாலை 4.45

தணிக்கைச் சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்கு.

1984இல் வீடியோ பதிவுகள் சட்டம் வந்தது. ‘வீடியோ நாஸ்டி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய கொடூரப் படங்களை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவே அந்தச் சட்டம். அதன்படி விற்கும், வாடகைக்கு விடும் நாடாக்களுக்குத் தணிக்கைக் குழுவின் வகைப்பாடு வேண்டும். அதற்கான கட்டணம் ஓடும் நிமிடக் கணக்கில். மலிவு விலையில் விற்பவனுக்கு இது உறுத்தும் செலவு. ஆனால் விளையாட்டு, இசை, கல்வி சார்ந்த நாடாக்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. விசிஐ மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் அதிகாரபூர்வ நாடாக்களை வெளியிட்டுக்கொண்டிருந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். நடிகர் சம்பளம் இல்லை, கதை உரிமை இல்லை, சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆண்டுதோறும் புதிய பருவம் தானாக வரும், வாங்குபவன் முடிவு தெரிந்தே வாங்குவான். 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து அந்தப் பருவத்தின் மூன்றாவது கோப்பையையும் யுனைடெட் தூக்கியபோது, அந்த அணியின் ரசிகர்கள் அழுதார்கள்; வாட்ஃபோர்டில் யாரோ ஒருவர் நாடாத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் ஆர்சனல் ஆள் என்பதால் எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

இந்தச் சட்டத்துக்கு ஒரு வேடிக்கையான பின்கதையும் உண்டு. 1984 சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க அப்போதைய அரசு மறந்துவிட்டது என்பது 2009 ஆகஸ்டில் வெளிச்சத்துக்கு வந்தது. கால் நூற்றாண்டாகச் சட்டமே செல்லாமல் இருந்திருக்கிறது. 2010 ஜனவரியில் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றினார்கள்.

14 ஜனவரி, காலை 7.50

‘செல்லாமல் இருந்திருக்கிறது’ என்றது மிகை என்று ஒரு சட்ட மாணவி திருத்தியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். சட்டம் சட்டமாகவே இருந்தது. அதன்கீழ் யார் மீதும் வழக்கை நடத்த முடியாத நிலைதான் ஏற்பட்டது. நாடா விற்பவனுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

20 ஜனவரி, இரவு 11.10

கிங்ஃபிஷர் விசிஐயை வாங்கியதைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

கிங்ஃபிஷரிடம் ஏற்கெனவே வூல்வேர்த்ஸ் என்ற கடைச் சங்கிலி இருந்தது. என்டர்டெயின்மென்ட் யுகே என்ற மொத்த விநியோக நிறுவனமும் இருந்தது. மேற்கு லண்டனில் ஹேய்ஸில் இருந்து, தன் கடைகளுக்கு மட்டுமல்லாமல் போட்டியான பல்பொருள் அங்காடிகளுக்கும் இசைத்தட்டும் நாடாவும் அனுப்பிய நிறுவனம் அது. 1998இல் விசிஐயும் சேர்ந்ததும், நாடாவைத் தயாரிப்பவர், லாரியில் ஏற்றுபவர், அலமாரியில் வைப்பவர் மூவரும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் ஆனார்கள். 2001இல் கிங்ஃபிஷர் வூல்வேர்த்ஸைத் தனிக் குழுமமாகப் பிரித்து விட்டபோது மூவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். நம் ஊரில் நெல் விளைப்பவனும் ஆலைக்காரனும் அரிசிக் கடைக்காரனும் அண்ணன் தம்பியாக இருந்தால் எப்படியோ அப்படி. விளைச்சல் நல்லதாக இருக்கும்வரை இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

இந்த இடத்தில் வழி விலகி ஒரு செய்தி. விசிஐ தொண்ணூறுகளில் ஆந்த்ரே தொய்ச் என்ற புத்தகப் பதிப்பகத்தையும் வாங்கி வைத்திருந்தது. வி. எஸ். நைப்பாலின் முதல் நாவலை 1957இல் வெளியிட்ட பதிப்பகம். விசிஐ வாங்கியபோது நைப்பால் அங்கே இல்லை. அவர் எப்போதோ வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்தப் பெயர், கால்பந்து நாடாவும் ரயில் நாடாவும் விற்ற ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. பிறகு கார்ல்டன் பதிப்பகத்துக்குக் கைமாறியது. நான் இதைப் படித்தபோது சிரித்தேன், பிறகு சிரித்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. வாட்ஃபோர்டுக்காரர்கள் ‘பின்பட்டியல்’ எனப்படும் பழைய வெளியீடுகளின் அருமை தெரிந்தவர்கள். பழைய சரக்கைப் புது உறையில் விற்பதுதான் அவர்கள் தொழில். பழைய புத்தகப் பதிப்பகம் ஒன்றில் அவர்கள் கண்டதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2004 இணைப்பும் அதே தர்க்கம்தான். பிபிசியிடம் முடிவில்லாத கிடங்கு இருந்தது. விசிஐக்கு வெகுமக்கள் கடையில் விற்கும் வித்தை தெரிந்திருந்தது. டிவிடி உச்சத்தில் இருந்த காலம். டிக்சன்ஸ் கடைச் சங்கிலி அதே ஆண்டில் வீடியோ இயந்திரம் விற்பதையே நிறுத்திவிட்டது. 2006இல் பிளானட் எர்த் என்ற இயற்கை ஆவணத் தொடர் ஒளிபரப்பானது; பதினொரு பாகங்கள், டேவிட் அட்டன்பரோவின் குரல். அந்தப் பெட்டியை எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் பார்த்தேன், அதில் இரண்டு வீடுகளில் பிளாஸ்டிக் தாளே கிழிக்கப்படவில்லை. நத்தார் பரிசாகக் கொடுப்பதற்காகவே கடவுள் படைத்த பொருள் அது.

அவர்களுடைய உண்மையான பெருமை பழைய டாக்டர் ஹூ டிவிடிகள். அந்தத் தொடரின் சில பாகங்களை பிபிசி அந்தக் காலத்தில் நாடா மிச்சம் பிடிக்க அழித்துவிட்டது. பிழைத்தவையும் பல ஃபிலிம் பிரதிகளாகத்தான் கிடைத்தன. அவற்றைச் சுத்தம் செய்து, வீடியோவுக்குரிய வழுக்கலான அசைவை மீட்டு, நிறம் போனதற்கு நிறம் ஏற்றி, நடிகர்களை உட்காரவைத்துப் பேசவைத்து வெளியிட்டார்கள். மிட்டாய்க் கடை நிறுவனம் ஒன்றின் பாதிப் பணத்தில் இப்படியொரு ஆவணக் காப்பு வேலை நடந்தது என்பதை இன்றும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. பாதி இல்லை, 40 சதவீதம். மறுபடி திருத்த வரவேண்டாம்.

28 ஜனவரி, மாலை 5.30

2008.

வூல்வேர்த்ஸ் முதல் பிரித்தானியக் கடையை லிவர்பூலில் 1909 நவம்பர் 5 அன்று திறந்தது. நூற்றாண்டு விழாவுக்கு ஓராண்டே இருக்கும்போது, 2008 நவம்பர் இறுதியில், கடைகளும் என்டர்டெயின்மென்ட் யுகேயும் சேர்ந்தே திவால் நிர்வாகிகளின் கைக்குப் போயின. கடன் மொத்தம் 385 மில்லியன் பவுண். 800க்கு மேற்பட்ட கடைகள், ஏறத்தாழ 27,000 ஊழியர்கள். கடைசிக் கதவு 2009 ஜனவரி 6 அன்று மூடியது.

நடந்த விதத்தைக் கவனியுங்கள். சரக்கை அனுப்புபவர்கள் கடனுக்கு அனுப்புவார்கள். அந்தக் கடனுக்குக் காப்பீடு செய்து வைத்திருப்பார்கள். வங்கி நெருக்கடியில் காப்பீட்டு நிறுவனங்கள் வூல்வேர்த்ஸின் பெயரில் காப்பீடு தர மறுத்தன. உடனே சரக்குக்காரர்கள் கையில் காசு கேட்டார்கள். நத்தாருக்கு முன் மூன்று மாதம் கடனில் நிரப்பி, டிசம்பரில் விற்றுக் கடனடைக்கும் கடையிடம் அக்டோபரில் எங்கே காசு இருக்கும்?

இப்போது நான் சொன்ன ஜனவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வீடியோ வெளியீட்டாளரின் ஆண்டு முழுவதும் அந்தக் கடைசி ஆறு வாரங்களில் இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த வேளையில், அதை எடுத்துச் செல்லும் லாரிக்காரரும் வைத்திருக்கும் கடைக்காரரும் ஒரே நாளில் விழுந்தார்கள். விற்றதற்குக் காசு வர வழியில்லை. மற்ற வெளியீட்டாளர்களுக்கு வாடிக்கையாளர் போனார். 2 என்டர்டெயினுக்கு வாடிக்கையாளரும் போனார், பங்காளியும் போனார். முன்பு விர்ஜின் மெகாஸ்டோர்ஸ் என்று இருந்த ஜாவி கடைகளுக்குச் சரக்கு வந்ததும் அதே ஹேய்ஸ் கிடங்கிலிருந்துதான். அவர்கள் டிசம்பர் 24 அன்று வீழ்ந்தார்கள். ஒரு கிடங்கின் கதவை மூடியதும் அடுத்த தெருவில் கடை இருளடைந்தது.

2 என்டர்டெயின் திவாலாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பங்கு பிபிசியிடம் இருந்ததால் தப்பித்தது. ஆனால் 40 சதவீதம் திவால் நிர்வாகிகளின் மேசையில் ஒரு பொருளாகக் கிடந்தது. 2010இல் பிபிசி வேர்ல்ட்வைட் அதை வாங்கி முழு உரிமையாளர் ஆனது. அதற்குப் பிறகு அது ஒரு நிறுவனம் என்பதைவிட ஒரு துறை என்பதே பொருத்தம். பெயர் மட்டும் இன்னும் சில காலம் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

3 பிப்ரவரி, இரவு 10.00

ஒரு வாரமாக மனம் ஒப்பவில்லை. ‘இணையம் சாய்க்கவில்லை, அலமாரி சாய்த்தது’ என்று இந்த இழையின் தொடக்கத்தில் அடித்துச் சொன்னேன். அந்த அலமாரியை யார் காலி செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்தான் செய்தேன். 2003 முதல் நான் ஒரு டிவிடி கூடக் கடையில் வாங்கியதில்லை. ஜெர்சித் தீவிலிருந்து தபாலில் வரவழைத்தேன். 18 பவுணுக்குக் கீழான பொருள் கால்வாய்த் தீவுகளிலிருந்து வந்தால் விற்பனை வரி இல்லை என்ற பழைய விதி இருந்தது. பூ அனுப்புகிறவர்களுக்கு உதவியாக இருந்த விதியை டிவிடி விற்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலான டிவிடிகளின் விலை 18 பவுணைத் தொடாததால் முழுத் தொழிலும் அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. 2012 ஏப்ரலில் ஓட்டையை அடைத்தார்கள், அடைக்கும்போது உள்ளே காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை. இன்னொரு பக்கம் பல்பொருள் அங்காடிகள் புது டிவிடியை வாங்கிய விலைக்கும் கீழே விற்றன. பாலும் பாணும் வாங்க ஆள் வந்தால் போதும் அவர்களுக்கு. இவை எல்லாமே இணையத்தில் படம் ஓடையாக (ஸ்ட்ரீமிங்) வருவதற்கு முன் நடந்தவை. ஆனால் தபால் கடை இணையத்தில்தானே இருந்தது. ஆகவே முதல் நாள் கேள்வி கேட்ட வாசகரிடம் பாதி மன்னிப்பு. இணையம்தான், ஆனால் படம் காட்டிய இணையத்துக்கு முன்னே விலை காட்டிய இணையம் வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பிபிசி ஐபிளேயர் என்ற இணையச் சேவை 2007 டிசம்பரில் வந்தது. சென்ற வாரம் தவறவிட்ட நிகழ்ச்சியை இலவசமாகத் தரும் அதே வீட்டின் இன்னொரு அறையில், அதே நிகழ்ச்சியைப் பெட்டியில் அடைத்து 20 பவுணுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும் ஒரே சந்தையில் எதிரெதிரே கடை போட்டது போல. தாயின் கடையில் எல்லாம் சும்மா.

இன்னும் பின்னால் போனால் 1985க்கே போக வேண்டும். நாற்பது பவுண் பொருளை ஏழு பவுணுக்கு இறக்கி, மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்து, ‘இது யோசிக்காமல் தூக்கிப் போடும் பொருள்’ என்று ஒரு நாட்டுக்கே பழக்கியவர்கள் தி வீடியோ கலெக்‌ஷன்காரர்கள். அப்படிப் பழகிய வாடிக்கையாளன் இன்னும் மலிவான இடம் கண்டால் ஏன் நிற்க வேண்டும்? நான் நிற்கவில்லை.

4 பிப்ரவரி, காலை 9.30

டிவிடியை ஊருக்கு அனுப்பிய கதை கேட்ட தம்பிக்குச் சுருக்கமாக. நாடா நம் ஊர் இயந்திரத்தில் ஓடும். இரண்டு பக்கமும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைதான். டிவிடிக்கு வட்டாரப் பூட்டு வைத்தார்கள்: பிரித்தானியா 2, இலங்கையும் இந்தியாவும் 5. பூட்டை மதிக்கும் இயந்திரத்தில் இங்கே வாங்கியது அங்கே ஓடாது. கொழும்பில் விற்ற மலிவு இயந்திரங்களில் பெரும்பாலானவை எந்தப் பூட்டையும் மதிக்கவில்லை என்பதால் என் பெறாமக்கள் யாரும் பாதிக்கப்படவில்லை.

18 பிப்ரவரி, மாலை 3.15

பிறகு என்ன ஆனது என்று கேட்டதற்குக் கடைசியாக.

இசைத்தட்டும் டிவிடியும் விற்ற எச்எம்வியும் வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டரும் 2013 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் திவால் நிர்வாகத்துக்குப் போயின. பிபிசி 2015 நவம்பரில் தன் கிடங்கை இணையத்தில் விலைக்கு விற்க ‘பிபிசி ஸ்டோர்’ திறந்து, இரண்டே ஆண்டில் மூடியது. அதில் காசு கொடுத்து ‘வாங்கியவர்கள்’ வாங்கியதை இழந்து பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். என் 6.99 பவுண் நாடாவை யாரும் இதுவரை திரும்பப் பறிக்கவில்லை. சைன்ஸ்பரீஸ் பல்பொருள் அங்காடி டிவிடி விற்பதை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்தது. 2 என்டர்டெயினின் கீழிருந்த டீமன் என்ற இசைத்தட்டுப் பிரிவு மட்டும் பிபிசியோடு போய்ப் பிழைத்துக்கொண்டது. அது இன்று பழைய டாக்டர் ஹூ ஒலிக்கதைகளை வண்ண வண்ண வினைல் தட்டுகளில் விற்கிறது. பழைய சரக்கு, புது உறை. வாட்ஃபோர்டு இரத்தம்.

நேற்றுப் பரணைத் துப்புரவாக்கினேன். முப்பத்தோரு நாடா இருந்தன. தர்மக் கடைக்குக் கொண்டுபோனேன். நாடாவை இப்போது எடுப்பதில்லை என்று அங்கிருந்த அம்மா மரியாதையாகச் சொன்னார். திருப்பிக் கொண்டுவந்தேன். அடியில் அந்தச் சிறுவர் நாடாவும் கிடந்தது, செலோடேப் மஞ்சளாகி, மேலே அம்மாவின் கையெழுத்தில் ‘பெரியவன் கலியாணம்’ என்று. அண்ணாவின் மகளுக்கு இந்த ஜூலையில் திருமணம். அப்பா தாலி கட்டாத அந்த முப்பத்தைந்து நிமிடத்தை அவள் பார்க்க வேண்டுமாம். வேலை செய்யும் விஎச்எஸ் இயந்திரம் யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். மேற்கு லண்டன் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.